மனிங்ரிடாவின் மொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் சிலர் நர்ஸாகவோ ஆசிரியராகவோ கணக்கராகவோ மனிங்ரிடாவுக்குப் போகிறார்கள். போவதற்கு முன்பும் போய் வந்த பிறகும் அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். அவற்றோடு, ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் உறவினர்களின் கேள்விகளும் இங்கே உண்டு. கேட்டவர்களின் தொனியை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். மொழிப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி கொஞ்சம் தேய்ந்துதான் போகிறது.

மனிங்ரிடா எங்கே இருக்கிறது? தீவா?

தீவு இல்லை. ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில், ஆர்னம் லாண்டின் வடகரையில், லிவர்பூல் ஆறு அராஃபுரா கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. டார்வினிலிருந்து சாலை வழியாகக் கிழக்கே சுமார் 500 கிலோமீட்டர். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிச் சாலை அடைபட்டுவிடும். அப்போது சிறு விமானம்தான் கதி. ஆர்னம் லாண்ட் முழுவதும் பூர்வகுடிகளுக்குச் சொந்தமான நிலம் என்பதால் வெளியாட்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

மக்கள்தொகை சுமார் 2,500. ஊர் நிற்கும் மண் குனிபிஜி மக்களுடையது. 1949-ல் அரசு இங்கே ஒரு வணிக நிலையம் திறந்தது. ஆர்னம் லாண்ட் மக்கள் டார்வினுக்கு நடந்து போய்த் தங்குவதைத் தடுப்பதுதான் நோக்கம். 1957-ல் அது நிரந்தரக் குடியிருப்பானது. சுற்றுப்புறத்துக் குலங்கள் பலவும் தங்கள் மொழிகளோடு அங்கே வந்து சேர்ந்தன. அதற்கு முன்பு அவரவர் அவரவர் மண்ணில் இருந்தார்கள். இன்றும் பல குடும்பங்கள் ஊருக்கும் தங்கள் சொந்த மண்ணிலுள்ள சிறு குடியிருப்புகளுக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கின்றன.

புறப்படுவதற்கு முன் பூர்வகுடி மொழியைக் கொஞ்சம் படித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். எங்கே கிடைக்கும்?

"பூர்வகுடி மொழி" என்று ஒன்று இல்லை. 1788-ல் ஆங்கிலேயர் குடியேறத் தொடங்கியபோது இந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 2020-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இன்று ஏதோ ஒரு வகையில் புழக்கத்தில் இருப்பவை 123. குழந்தைகள் வீட்டிலேயே கற்று வளரும் அளவுக்கு வலுவாக இருப்பவை 12 மட்டுமே. எந்த மொழியைப் படிப்பது என்பது நீங்கள் போகும் ஊரைப் பொறுத்தது. மனிங்ரிடாவில் அந்தக் கேள்விக்கே நேரான விடை இல்லை. கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

ஒருவர் அங்கே ஒன்பது மொழி என்கிறார், இன்னொருவர் பதினைந்து என்கிறார். எதை நம்புவது?

இருவரையும் நம்பலாம், எண்ணும் முறைதான் வேறு. ஊரில் அன்றாடம் காதில் விழுபவை: மண்ணுக்குரிய குனிபிஜி மக்களின் ஞ்ஜெபனா, கிழக்கிலிருந்து வந்த புராரா, அதன் நெருங்கிய உறவான குன்-நார்ட்பா, கடற்கரையைச் சேர்ந்த நாக்கரா, மிகச் சிறிய குர்கொனி, தெற்கிலும் மேற்கிலுமிருந்து வந்த குனிஞ்கு, குனே, ரெம்பார்ங்கா, தலபோன், இன்னும் கிழக்கே யோல்ங்கு மக்களின் ஜினாங், வுர்லாக்கி, குப்பாபுய்ங்கு முதலியவை. மேற்கே குன்பார்லாங், மாவுங் பேசுபவர்களும் உண்டு. இவற்றோடு ஆங்கிலம். புராராவையும் குன்-நார்ட்பாவையும் ஒன்றாகக் கொண்டால் எண் குறையும், பிரித்தால் கூடும். திருமணமாகி வந்த ஒரே ஒருவர் பேசும் மொழியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதும் எண்ணுபவர் கையில்தான் இருக்கிறது.

எண்ணிக்கையைவிட என்னை வியக்க வைப்பது இவற்றுக்கிடையேயான தூரம். ஞ்ஜெபனா, நாக்கரா, புராரா, குர்கொனி நான்கும் ஒரு குடும்பம். குனிஞ்கு, ரெம்பார்ங்கா, தலபோன் வேறு குடும்பம். யோல்ங்கு மொழிகளோ கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியிருக்கும் பாமா-நியுங்கன் என்ற மூன்றாவது குடும்பம். ஒரே தெருவில் மூன்று மொழிக்குடும்பங்கள்.

மொழிகளா, வட்டார வழக்குகளா? சும்மா பெருக்கிச் சொல்கிறார்களோ?

பெருக்கவில்லை. ஞ்ஜெபனா மட்டும் தெரிந்தவருக்குக் குனிஞ்கு ஒரு சொல்லும் புரியாது. குனிஞ்கு, குனே, மேற்கே குன்பலன்யாவில் பேசும் குன்விஞ்கு ஆகியவை மட்டும் ஒன்றுக்கொன்று புரியும். மொழியியலாளர்கள் இவற்றைச் சேர்த்து பினிஞ் குன்வோக் என்று அழைக்கிறார்கள். பேசுபவர்களுக்கு அந்தப் பொதுப்பெயரைவிடத் தங்கள் வழக்கின் பெயரே முக்கியம். அதற்குள்ளும் குலத்துக்குக் குலம் சில சொற்கள் மாறும். வாயைத் திறந்ததுமே "இவர் இன்ன குலம்" என்று தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகவே அந்தச் சொற்களைப் பேணி வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு சிறிய ஊரில் எதற்கு இத்தனை? ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டால் வசதிதானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் மனத்தில் மொழி என்பது செய்தி கொண்டுபோகும் வண்டி. அங்கே அது முதலில் ஒரு நிலவுரிமைப் பத்திரம். மூதாதை சக்திகள் நிலத்தின் மேல் நடந்து சென்றபோது ஆறு, குன்று, நீர்ச்சுனைகளோடு மொழியையும் அந்தந்த மண்ணில் வைத்துவிட்டுப் போனார்கள் என்பது நம்பிக்கை. மேற்கு ஆர்னம் லாண்டில் சொல்லப்படும் வாராமுருங்குஞ்சியின் கதை இதைத் தெளிவாகச் சொல்கிறது: அராஃபுரா கடலிலிருந்து எழுந்து வந்த அந்தத் தாய், உள்நாடு நோக்கி நடந்து, போகிற இடமெல்லாம் பிள்ளைகளை இறக்கி, "நீங்கள் இந்த மண்ணில் இந்த மொழி பேசுங்கள்" என்று பிரித்துக் கொடுத்தாளாம். பைபிளின் பாபேல் கோபுரக் கதையில் பல மொழி என்பது தண்டனை. இங்கே அது தாய் கொடுத்த சீதனம்.

இதோடு திருமண விதியும் சேர்கிறது. சொந்தக் குலத்தில் பெண் எடுக்கக் கூடாது. உலகமே துவா, யிரிச்சா என்ற இரு பாதிகளாகப் பிரிந்தது. மணமக்கள் எதிரெதிர்ப் பாதியிலிருந்து வர வேண்டும். குலம் மாறினால் பெரும்பாலும் மொழியும் மாறும். ஆகவே பல வீடுகளில் தாய்மொழியும் தந்தைமொழியும் வெவ்வேறு.

இதெல்லாம் ஆர்னம் லாண்ட் முழுவதற்கும் பொது என்றாலும், எல்லா ஊரிலும் இத்தனை மொழிகள் நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்னம் லாண்டுக்கு வெளியே, டார்வினுக்குத் தென்மேற்கே உள்ள வாடே என்ற ஊரிலும் முரின்-பத்தா மொழி மற்றவற்றை ஓரம் தள்ளிவிட்டது. குன்பலன்யாவில் குன்விஞ்கு ஓங்கியது. கிறித்தவ மிஷன் நடத்திய இடங்களில் வழிபாட்டுக்கும் பைபிளுக்கும் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தது இதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிங்ரிடாவைத் தொடங்கியது அரசு. அதற்கு எந்த மொழியையும் தேர்ந்தெடுக்கும் அக்கறை இருக்கவில்லை. அக்கறையின்மையிலும் ஒரு நன்மை விளைந்தது.

அப்படியானால் ஒருவருக்கு எத்தனை மொழி தெரியும்?

மூன்று நான்கு என்பது சாதாரணம். வயதானவர்களில் ஆறேழு தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் "தெரியும்" என்ற சொல்லுக்கு அவர்கள் வைக்கும் அளவு வேறு. கேட்டால் முழுக்கப் புரியும் மொழியைக்கூட, அது தன் குலத்துடையதோ நெருங்கிய உறவினருடையதோ இல்லையென்றால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார்கள். அடக்கம் மட்டும் காரணம் இல்லை. அடுத்தவர் மொழியை உரிமையில்லாமல் வாயில் எடுப்பது முறையல்ல.

கணவன் ஒரு மொழியில் கேட்க மனைவி வேறு மொழியில் பதில் சொல்வார்களாமே. கதையா?

உண்மை. இதை அதிகம் ஆராய்ந்திருப்பது மனிங்ரிடாவுக்கு மேற்கே, தென் கோல்பர்ன் தீவில் உள்ள வாருவி என்ற ஊரில். சில நூறு பேர் மட்டுமே வாழும் அந்தத் தீவில் மாவுங், குன்விஞ்கு, யோல்ங்கு மொழிகள் எனச் சுமார் ஒன்பது மொழிகள் புழங்குகின்றன. கணவர் மாவுங்கில் பேசுவார். மனைவி குன்விஞ்குவில் மறுமொழி தருவார். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆனாலும் இருவரும் தத்தம் மொழியை விடுவதில்லை. மற்றவர் தன் மொழிக்கு மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை.

இருவருக்கும் இரு மொழியும் நன்றாகப் புரியும் என்பதால் உரையாடல் தடைபடுவதே இல்லை. முந்தைய பதிலில் சொன்ன உரிமை விஷயம்தான் இதற்கும் அடிப்படை.

அப்போது குழந்தை எந்த மொழியில் பேசும்? குழம்பிப் போகாதா?

குழம்பாது. தாயும் தாய்வழிப் பாட்டியும் பேசுவதைக் கேட்டுப் பெரும்பாலும் தாயின் மொழியை முதலில் பேசத் தொடங்கும். விளையாட்டுத் தோழர்களின் மொழி பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். வளர்ந்து குலக் கடமைகள் வரும்போது தந்தையின் மொழிக்கு எடை கூடும். ஏனெனில் மண்ணும் அதன் சடங்குகளும் தந்தை வழியில் வருகின்றன. குழந்தை குழம்பும் என்பது ஒரு மொழியோடு வளர்ந்தவர்களின் கவலை.

உடன் வேலை செய்பவர் "என் மொழி ஞ்ஜெபனா" என்றார். ஆனால் அவர் பேசுவதெல்லாம் புராரா. எது சரி?

இரண்டும் சரி. மொழியைச் சொந்தமாகக் கொண்டிருப்பது வேறு, அதைப் பேசுவது வேறு. ஞ்ஜெபனா அவர் தந்தையின் மொழி, அவர் மண்ணின் மொழி. பிறப்பிலேயே வந்த அந்த உரிமை, நாவில் சரளம் இல்லை என்பதற்காகப் போய்விடாது. அதே நேரத்தில், ஞ்ஜெபனாவை அழகாகப் பேசும் வேறு குலத்தவருக்கு அந்தச் சரளத்தால் உரிமை வந்துவிடாது. பாடப்புத்தகத்திலோ பலகையிலோ அந்த மொழியைப் பயன்படுத்த நினைத்தால் உரிமையுள்ளவரிடம்தான் கேட்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "வீட்டில் பேசும் மொழி எது?" என்று ஒரே கேள்வி கேட்டால் இதில் பாதி காணாமல் போய்விடும்.

எழுபது பேர் மட்டும் பேசும் மொழி என்று ஒன்றைச் சொன்னார்கள். அது இன்னுமா சாகவில்லை?

குர்கொனியைச் சொல்கிறார்கள். அதைப் பேசியவர்கள் நினைவுக்கு எட்டிய காலம் முழுவதும் சுமார் 70 பேர்தான் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறிய மொழி என்றாலே சாகும் மொழி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எல்லோரும் பன்மொழியாளர்களாக இருக்கும் இடத்தில் ஒரு மொழிக்குக் கூட்டம் தேவையில்லை. வெளியுலகப் பேச்சுக்குப் பக்கத்து மொழிகள் இருக்கின்றன. அதனால் எழுபது பேருக்குள் அது நிம்மதியாக இருந்தது. இன்றைய ஆபத்து வேறு வகை. அதைப் பின்னால் பார்ப்போம்.

குர்கொனியின் இலக்கணத்தில் ஒரு சுவையான இடம் உண்டு. பெயர்ச்சொற்களை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று உண்ணும் காய்கனிகளுக்கானது. ஆங்கிலத்திலிருந்து வந்த "எரிப்ளேன்", அதாவது விமானம், அந்தக் காய்கறி வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. காய்கறியிலிருந்து செடிகொடி மரம், மரத்திலிருந்து மரச்சாமான், மரச்சாமானிலிருந்து தோணி, தோணியிலிருந்து வாகனம் என்று அந்த வகுப்பு படிப்படியாக விரிந்திருக்க வேண்டும் என்பது விளக்கம். விமானம் வந்ததும் எந்தத் தயக்கமும் இல்லாமல் தோணிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

மாமியாரிடம் பேசுவதற்கென்றே தனி மொழி உண்டாமே?

உண்டு. சில உறவுகளில் விலகி நிற்பதே மரியாதை. மருமகனுக்கும் மாமியாருக்கும் இடையிலானது அவற்றில் கடுமையானது. பினிஞ் குன்வோக் பேசுபவர்களிடம் இதற்கென குன்-குர்ங் என்ற மரியாதை வழக்கு இருக்கிறது. இலக்கண அமைப்பு அதேதான். வினைகளும் பெயர்களும் பெருமளவு வேறு. இளையவர்களிடம் இது வேகமாகக் குறைந்து வருகிறது.

கைச்சைகைகளும் உண்டு. வேட்டையில் சத்தம் கூடாதபோது, துக்க காலத்தில், விலகி நிற்க வேண்டிய உறவினர் அருகில் இருக்கும்போது, காது நன்றாகக் கேட்பவர்களும் கையால் பேசுகிறார்கள். மொழிகளை எண்ணுபவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

என்னை "பலண்டா" என்றார்கள். வசவா?

வசவு இல்லை. வெள்ளையர், வெளியார் என்று பொருள். "ஹாலந்தர்" என்பதன் திரிபு. இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து மக்காசர் படகோட்டிகள் ஆண்டுதோறும் பருவக்காற்றோடு வந்து, கடலட்டை எடுத்து, வேகவைத்து, உலர்த்தி, சீனச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். டச்சுக்காரர்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இங்கே தங்கிவிட்டது. 1907-க்குப் பிறகு படகுகள் வரவில்லை, சொற்கள் இருக்கின்றன. பணத்துக்கு "ருப்பியா" என்பதும் அந்த வழியில் வந்ததுதான். நம் ரூபாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

இந்த மொழிகள் தமிழிலிருந்து வந்தவை என்று வாட்ஸப்பில் வந்ததே?

வரும், மறுபடியும் வரும். இதற்கு ஒரு பழைய வேர் உண்டு: 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மைப் பெயர் திராவிடத்தோடு ஒத்திருப்பதைக் கவனித்தார். குன்விஞ்குவில் "நான்" என்பது ஙயே; புராராவில் ஙய்பா; ஞ்ஜெபனாவில் ஙயப்பா. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இரண்டொரு குறுஞ்சொற்களின் ஒலி ஒற்றுமை உலகின் எந்த இரண்டு மொழிக்குடும்பங்களுக்கிடையிலும் கிடைக்கும். உறவு என்றால் ஒழுங்கான ஒலி மாற்றங்களோடு நூற்றுக்கணக்கான சொற்கள் பொருந்த வேண்டும். அப்படி எதுவும் நிறுவப்படவில்லை. 2013-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கலப்பு நடந்திருக்கலாம் என்றது. 2016-ல் வந்த ஆய்வு அதற்கு ஆதரவாக இல்லை. நடந்திருந்தாலும் அதிலிருந்து மொழி உறவு தானாகக் கிளைத்துவிடாது.

வேறொரு வகையில் தமிழருக்கு வசதி உண்டு. நாவை மடக்கிச் சொல்லும் ட, ண, ள போன்ற ஒலிகள் இந்த மொழிகளில் தாராளம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இவற்றைப் பிரித்துக் கேட்கத் திணறுவார்கள். நமக்குச் சிக்கல் சொல்லின் முதலில் வரும் "ங". அரிச்சுவடியில் மட்டும் பார்த்துப் பழகிய எழுத்தை அங்கே நாள் முழுவதும் உச்சரிக்க வேண்டியிருக்கும்.

எழுத்து உண்டா? பள்ளியில் எந்த மொழி?

ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள்; மொழிக்கு மொழி எழுத்துமுறை சற்று மாறும். புராராவுக்கும் குன்-நார்ட்பாவுக்கும் சேர்த்து 1994-ல் அகராதி வந்தது. வட பிராந்தியத்தில் இருமொழிக் கல்வி 1973-ல் தொடங்கியது. மனிங்ரிடா பள்ளியில் ஞ்ஜெபனாவும் புராராவும் இடம்பெற்றன. ஆசிரியர்களும் பெரியவர்களும் சேர்ந்து வாசிப்பு நூல்கள் தயாரித்தார்கள்.

1998-ல் பிராந்திய அரசு இருமொழிக் கல்வியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, வேறு பெயரில் ஓரளவு தொடர்ந்தது. 2008-ல் பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. காலையில் மனம் தெளிவாக இருக்கும் நேரமெல்லாம் ஆங்கிலத்துக்கு, வெயில் ஏறிய பிறகு மிச்சம் தாய்மொழிக்கு. பின்னர் ஆணை தளர்ந்தது. ஆனால் இடையில் கலைந்துபோன ஆசிரியர் குழுக்களை மீண்டும் கூட்டுவது எளிதாக இருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மொழிகள் உள்ள ஊரில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது நியாயமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் இரண்டும் வேண்டாம் என்பது அதற்குப் பதில் ஆகாது.

நோயாளி ஆங்கிலத்தில் "எஸ்" என்கிறார், தலையசைக்கிறார். பிறகு எதற்கு மொழிபெயர்ப்பாளர்?

அந்த "எஸ்"தான் ஆபத்து. அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு, புரிந்தாலும் புரியாவிட்டாலும் இசைந்துவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வது பூர்வகுடி மக்களிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். நீதிமன்றங்களில் இது பலருக்குக் கேடாக முடிந்திருக்கிறது. "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "எஸ்" வரும். "எப்போது, எப்படிச் சாப்பிட்டீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால் உண்மை வரும்.

வட பிராந்திய அரசின் பூர்வகுடி மொழிபெயர்ப்புச் சேவை 2000-லிருந்து இயங்குகிறது. அழைக்கும்போது மொழியின் பெயரோடு நிறுத்தாதீர்கள். மொழிபெயர்ப்பாளரும் நோயாளியும் ஒருவருக்கொருவர் பேசக்கூடாத உறவாக இருந்தால், மேலே மாமியார் கேள்வியில் பார்த்தது போல, இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண் நோய் பற்றிப் பேச ஆணையும், ஆண் நோய் பற்றிப் பேசப் பெண்ணையும் அழைப்பதும் அப்படித்தான். இறந்தவரின் பெயரைச் சில காலம் உச்சரிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். குடும்ப நோய் வரலாறு கேட்கும்போது பெயர் சொல்லாமல் உறவைச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியில் ஆங்கிலமோ புராராவோ எல்லாவற்றையும் விழுங்கிவிடும் அல்லவா?

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் நியாயமானது. பள்ளியும் கைபேசியும் அதன் பக்கம். ஆனால் மனிங்ரிடாவில் பிள்ளைகள் இன்னும் தங்கள் மொழிகளில்தான் விளையாடுகிறார்கள். சிறு மொழிகளுக்கு உடனடி அழுத்தம் பக்கத்திலிருந்தே வருகிறது. ஊரின் கிழக்குப் பக்கக் குடும்பங்களிடையே புராராவும், மேற்குப் பக்கக் குடும்பங்களிடையே குனிஞ்குவும் பொது மொழிகளாக வளர்ந்து வருகின்றன. மண்ணுக்குரிய ஞ்ஜெபனாவே சொந்த ஊரில் சிறுபான்மை. குர்கொனியைக் காத்த ஏற்பாடு, சிறு குலங்கள் தத்தம் மண்ணில் வாழ்ந்து ஒன்றோடொன்று பெண் கொடுத்து எடுத்த ஏற்பாடு. 2,500 பேர் ஒரே ஊரில் கூடியிருக்கும்போது அது அப்படியே வேலை செய்யாது.

இருந்தும் கணக்கு ஒரே திசையில் ஓடவில்லை. ஊரின் கால்பந்து ஆட்டங்களில் வர்ணனையாளர் புராராவிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசுகிறார். இவ்வூர்ப் பெண்களின் ரிப்பிள் எஃபெக்ட் பேண்ட் ஞ்ஜெபனா, புராரா, நாக்கரா, குனே மொழிகளில் ராக் இசை பாடுகிறது. ஒரே மொழியில் பாடினால் விற்பனை எளிது என்று யாராவது சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் கேட்கவில்லை.

நான் ஒரு மொழியாவது கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பேசுபவர் எண்ணிக்கையைப் பார்த்தால் புராரா. நீங்கள் நிற்கும் மண்ணுக்கு மரியாதை என்றால் ஞ்ஜெபனா. நடைமுறையில், நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது. சில மாதங்களில் உடன் வேலை செய்யும் ஒருவர் உங்களைத் தங்கள் உறவு முறைக்குள் சேர்த்துக்கொள்ளக்கூடும்: நீங்கள் அவருக்குத் தங்கை, அவர் பிள்ளைகளுக்குச் சின்னம்மா. அது நடந்தால் ஊரில் எல்லோருக்கும் நீங்கள் என்ன முறை என்பது தானாக வந்துவிடும். யாரிடம் சிரித்துப் பேசலாம், யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். அந்த அக்காவின் மொழிதான் நீங்கள் கற்க வேண்டிய மொழி. முதலில் உறவுச்சொற்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம், நன்றி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.